ஏழாம் எண் ஒரே சீராகக் காய்க்கிறது

ஜூலை 3

இந்த நாட்குறிப்பு நிலையத் தலைவர் சிவசைலம் சார் கண்ணில் படக்கூடாது. படவும் படாது. தன் கையெழுத்தைத் தவிர வேறு யாருடைய கையெழுத்தையும் அவர் படித்ததாக எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் யாருக்கும் நினைவில்லை.

காலையில் கூப்பிட்டனுப்பினார். அக்டோபர் கடைசியில் தேர்வுக் குழு வருகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நட்ட ஒன்பது சாத்துக்குடி ரகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து விவசாயிகளுக்கு வெளியிடுவார்கள். மற்ற எட்டையும் வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் முருங்கை வைக்கப்போகிறார்கள். இதைச் சொல்லும்போது சார் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். எட்டு வரிசை மரங்களின் சாவுச் செய்தியைப் பிஸ்கட் நனைத்துக்கொண்டே சொல்ல அவரால்தான் முடியும்.

“சங்கரவடிவு, கணக்கெல்லாம் நீங்கதான் பாக்கணும். பாரபட்சமே இருக்கக்கூடாது” என்றார். பாரபட்சம் என்று சொல்லும்போது அவர் கண் ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் எண் வரிசையின் மேல் இருந்தது. மூன்றாம் எண் அவரே இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. தினமும் காலையில் அந்த வரிசையின் நடுவே செல்போனை வைத்து நாதஸ்வரம் போட்டுவிட்டு வருகிறார். கேட்டால் செல்போனுக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கிறதாம்.

ஏழாம் எண் நான் கொண்டுவந்தது. புளியரை போகும் வழியில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், கழிவு எண்ணெயிலும் டயர்க் குப்பையிலும் நின்றுகொண்டு காய்த்துக்கொண்டிருந்தது. யாரோ தின்றுவிட்டுத் துப்பிய விதை. அதிலிருந்து மொட்டெடுத்து வந்து ஒட்டுக் கட்டினேன். அதற்காக ஏழின் மேல் எனக்குத் தனிப் பிரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான் விஞ்ஞானி. எனக்கு ஒன்பதும் ஒன்றுதான்.

மத்தியானம் மோர் மிஞ்சிவிட்டது. ஏழாம் வரிசைப் பக்கம் ஊற்றினேன். வேறு எங்கே ஊற்றுவது? என் அறையில் கைகழுவும் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஜூலை 9

தேர்வுக் குழுவுக்கான அறிக்கையில் முன்னுரை எழுதினேன். ஆய்வின் நோக்கம் ரொம்ப எளிது. நல்ல மண்ணில் அள்ளிக் கொடுத்துவிட்டு, மோசமான மண்ணில் கையை விரிக்கும் மரம் விவசாயியின் கழுத்தை அறுக்கும். எங்கே வைத்தாலும், எந்த வருஷமானாலும், ஏறக்குறைய ஒரே அளவு காய்க்கிற மரம்தான் வேண்டும். அதனால்தான் அதே ஒன்பது ரகங்களை மூன்று இடங்களில் நட்டோம்.

முதல் இடம் எங்கள் நிலையம். குளத்தடி மண். இங்கே குடைக்கம்பியை நட்டால்கூடத் துளிர்விடும். இரண்டாவது, காற்றாலைகளுக்கு அடியில் இருக்கும் கோயில்பிச்சை அண்ணாச்சியின் சரளைக்காடு. அங்கே துளிர்விட்டதுகூட மனசு மாறிக் காய்ந்துவிடும். மூன்றாவது மலையடிவாரத்தில் இருந்தது. போன வருஷம் யானைகள் வந்து ஒன்பது ரகங்களையும் ஒரே சீராகத் தின்றுவிட்டுப் போயின. பாரபட்சமில்லாத ஆய்வு என்றால் எனக்கு அந்த யானைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஜூலை 14

அம்மா போன். “ஏட்டி வடிவு, தம்பிக்கு மெட்ராஸ்ல தும்மலாம்ட்டி. ராத்திரி பூரா தூங்கலையாம். கருப்பட்டியும் சுக்கும் பார்சல் போட்டிருக்கேன். மொளகு மட்டும் நீ வாங்கி அனுப்பிரு.”

எனக்கும் தொண்டை கட்டியிருந்தது. குரலை வைத்துக் கண்டுபிடிப்பாள் என்று கொஞ்ச நேரம் கூடுதலாகப் பேசினேன். “ஒனக்கென்னட்டி, நீ எங்க கெடந்தாலும் பொழச்சுக்கிடுவ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அது பாராட்டு. பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஏழாம் வரிசைக்குப் போய் இலைகளின் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டேன். தூசி இருந்தால் பூச்சி தெரியாது. மற்ற வரிசைகளுக்குப் போவதற்குள் இருட்டிவிட்டது.

ஜூலை 22

கோயில்பிச்சை அண்ணாச்சி தோட்டத்துக்கு ஜீப்பில் போனேன். ஆடிக் காற்று. ஜீப் கதவைத் திறக்க ஒருத்தர், மூட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். தோட்டத்து வாசலில் துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு நின்றார். தலையில் கட்டினால் பக்கத்து ஊரில் போய்ப் பொறுக்க வேண்டும்.

“வாங்க மேடம், வாங்க. காத்து ஆளத் தூக்கிட்டுல்லா போவுது! ஏ ஞானப்பூ, மேடத்துக்குக் கருப்பட்டிக் காப்பி போடு.”

ஏழாம் எண் அங்கேயும் நன்றாக இருக்கிறது. இலை கொஞ்சம் சிறுத்து, தடித்து, காற்றைச் சட்டை செய்யாமல் நிற்கிறது. மூன்றாம் எண்தான் பரிதாபம். மஞ்சளடித்த இலைகள், நோயில் கிடந்து எழுந்த மாதிரி ஒரு நிலை. ஆனாலும் உயிரோடிருப்பது ஆச்சரியம்தான். அதைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. பைப் ஒழுகுகிறது போல. அவர் மனைவி ஞானப்பூ அம்மா தன் சேலைகளையெல்லாம் அந்த வரிசையில்தான் காயப்போடுகிறார். காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காக, குச்சி நட்டு, நான்கு முனையையும் இழுத்துக் கட்டிக் காயப்போடுகிறார். சுத்தமான பெண்மணி.

“எல்லா மரத்தையும் ஒரே மாதிரிதானே கவனிக்கிறீங்க அண்ணாச்சி?” என்று வழக்கம்போலக் கேட்டேன்.

“அதெப்படி மேடம் வித்தியாசம் பாப்போம்? எல்லாம் நம்ம பிள்ளைகள்லா” என்றார். ஆறு வருஷமாக இதே பதில். நம்பிக்கையான மனிதர்.

ஆகஸ்ட் 2

புண்ணாக்கு மூட்டை கிழிந்துவிட்டது. ஏழாம் வரிசைக்குப் பக்கத்தில் வைத்துக் கிழிந்தது.

ஆகஸ்ட் 19

காய்ச்சல். விடுதி அறையிலேயே படுத்திருந்தேன். அம்மா போன் செய்தாள். தம்பியின் கடைவாய்ப் பல்லைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம். பிடுங்குவதா, வேர்ச் சிகிச்சையா என்று ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை.

ஆகஸ்ட் 21

இன்னும் காய்ச்சல். தோட்டத்தில் என்ன ஆகிறதோ. ஏழுக்கு ஈரச்சாக்கு யார் சுற்றுவார்கள்? மற்ற வரிசைகளைப் பற்றியும் கவலையாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 25

வேலைக்குப் போனேன். ஏழாம் வரிசையை முதலில் பார்த்தேன், வழியில் இருப்பதால். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு இலைகூட வாடவில்லை. நான் வராததைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டேன்.

சிவசைலம் சார் என் அறைக்கு வந்து, “ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்க. அஞ்சாறு நாளா மோர் எல்லாம் மிஞ்சலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். என்ன அர்த்தத்தில் கேட்டார் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12

இன்று சுவைத் தேர்வு. விதிப்படி ஒன்பது ரகங்களையும் உரித்து, தட்டுகளில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் போட்டு வைத்து, எது எது என்று தெரியாமல் எல்லோரும் தின்று மதிப்பெண் போட வேண்டும். நல்ல ஏற்பாடு. கெடுப்பதற்கு மனிதர்கள் மட்டும் இல்லாவிட்டால்.

டிரைவர் ஆவுடையப்பன் எல்லாத் தட்டுக்கும் பத்துக்கு ஒன்பது போட்டார். இடையில் வாய் கொப்பளிக்க வைத்த தண்ணீருக்கும் ஒன்பது. தட்டச்சர் அம்மாவுக்குப் பல் கூசுகிறது, எதற்குமே நான்குக்கு மேல் போடவில்லை. நிலையத் தலைவர் சுவைக் குழுவில் உட்காரக்கூடாது. உட்கார்ந்தார். மூன்றாம் எண் சுளையைத் தொட்டதுமே அடையாளம் கண்டுகொண்டு கண்ணை மூடி, தலையை மெதுவாக ஆட்டி, “ஆஹா” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இது அப்பட்டமான முறைகேடு.

ஏழாம் எண் தட்டு வந்தபோது எனக்கு இருமல் வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு மிச்சமிருந்த இருமல்தான். அதைக் கேட்டு ஆவுடையப்பன் ஒன்பதைப் பத்தாகத் திருத்தினார் என்றால் அதற்கு நான் பொறுப்பல்ல.

செப்டம்பர் 30

இரண்டு இடத்திலும் அறுவடை முடிந்தது. கணக்குப் போட்டேன். மறுபடி போட்டேன். பிறகு எழுந்து கதவைத் தாழ்போட்டுவிட்டு, ஒரு சின்ன ஆட்டம் ஆடினேன். இது நாட்குறிப்பு, இங்கே எழுதலாம்.

மூன்றாம் எண் நிலையத்தில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அண்ணாச்சி தோட்டத்தில் ஒரு கூடைகூடத் தேறவில்லை. மற்ற ரகங்கள் இங்கே கூட, அங்கே குறைய. ஆனால் ஏழு! இந்தக் குளத்தடி மண்ணில் என்ன காய்த்ததோ, அந்தச் சரளைக்காட்டிலும் அதே காய்ப்பு. போன வருஷமும் அப்படித்தான். அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசாத மரம்.

சிவசைலம் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இவ்வளவு சரிசமமா குடுக்கதுக்கு இது என்ன மரமா, ரேஷன் கடையா?” என்றார். “எங்கேயோ இடிக்குதே. குழு வர்றப்ப நானும் கோயில்பிச்சை தோட்டத்துக்கு வாறேன்.”

வரட்டும். எனக்கு என்ன பயம்?

அக்டோபர் 11

பயம் வந்துவிட்டது.

குழு வருவதற்கு முன் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாமே என்று, சொல்லாமல் கொள்ளாமல் அண்ணாச்சி தோட்டத்துக்குப் போனேன். அவர் வீட்டில் இல்லை. ஏழாம் வரிசையில் குனிந்து சொட்டுநீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் குழாய் இப்படிச் சுடாது. வரிசையின் தலைமாட்டுக்குப் போனேன். குழாயை மடக்கி, சைக்கிள் ட்யூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டிய ட்யூப் வெயிலில் வெடித்து, அதன் மேல் இன்னொரு ட்யூப், அதன் மேல் இன்னொன்று. நேற்றைக்குக் கட்டியது அல்ல. வருஷக்கணக்காகக் கட்டியது.

அங்கிருந்து இன்னொரு குழாய் பிரிந்து மூன்றாம் வரிசைக்குப் போனது. மூன்றாம் வரிசையின் ஒவ்வொரு மரத்தடியிலும் கோழி எரு மலைபோல் கிடந்தது. சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. தொட்டுப் பார்த்தேன். அவை துவைத்த சேலைகளே இல்லை. நைந்த பழஞ்சேலைகள். காற்றுத் தடுப்பு!

அதற்குள் அண்ணாச்சி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு வாளி. மீன் கழுவிய தண்ணீர்.

“அண்ணாச்சி, ஏழுக்குத் தண்ணி எங்கே?”

“அதுக்கு எதுக்கு மேடம் தண்ணி? அது பாட்டுக்குக் காய்க்குது” என்றார், ரொம்பச் சாதாரணமாக. “இந்தா நிக்குல்லா மூணு, இதப் பாருங்க. நட்ட வருசமே நோஞ்சான். பாத்தா பாவமா இருக்கா இல்லையா? ஏழுக்குள்ள தண்ணியையும் எருவையும் இதுக்குத் திருப்பி விட்டுட்டேன்.”

“எப்போ இருந்து?”

“வச்ச மறு வருசத்துல இருந்து.”

“ஒரே மாதிரி பாக்கணும்னு சொன்னேனே அண்ணாச்சி! எல்லாம் நம்ம பிள்ளைகள்னு சொன்னீங்களே!”

“ஆமா, பிள்ளைகள்தான்” என்றார் அண்ணாச்சி. அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. “எங்களுக்கு மூணு பொண்ணு மேடம். மூத்தவ கல்லத் தின்னாலும் செரிப்பா. கடைசிக்காரி சவலை. வீட்டுல ஒரு முட்டை இருந்தா யாருக்குக் குடுப்போம்? சவலைக்குத்தான் குடுப்போம். எல்லாரையும் ஒண்ணுபோலப் பாக்கதுன்னா அதுதானே மேடம்?”

ஞானப்பூ அம்மாவும் வந்து, “மூத்தவ ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல மேடம்” என்றார் பெருமையாக.

மூத்தவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை. கோவையில் நர்ஸாம். மாதம் தவறாமல் தங்கைக்குப் பணம் அனுப்புகிறாளாம்.

ஜீப்பில் ஏறிய பிறகுதான் முழு விபரீதமும் உறைத்தது. ஒரே கவனிப்பு என்பதுதான் இந்த ஆய்வின் உயிர். அது இல்லையென்றால் ஆறு வருஷக் கணக்கும் குப்பை. குழுவுக்குத் தெரிந்தால் ஏழின் பெயரை அடித்துவிடுவார்கள். ஏழையும் வேரோடு எடுப்பார்கள். முருங்கை வரும்.

அக்டோபர் 13

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். நான் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. குழுவினர் கேட்டாலொழிய நாமாகப் பேச வேண்டாமே என்று மட்டும் சொன்னேன்.

“சரி மேடம். கேட்டா சொல்லிரணும்லா?”

“கேட்டா... கேக்க மாட்டாங்க.”

“கேட்டா சொல்லிருவேன் மேடம். நமக்குப் பொய் வராது. வாய் கோணிரும்.”

அக்டோபர் 20

சாப்பாடு இறங்கவில்லை. மோர் முழுவதும் மிஞ்சியது.

அக்டோபர் 28

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழுத் தலைவி டாக்டர் மெகருன்னிசா. குள்ளமாக, வெள்ளை முடியோடு, கையில் ஒரு சின்னக் கத்தி. கேள்வி கேட்பதற்கு முன்பு எதையாவது வெட்டுகிறார். காலையில் நிலையத்தைப் பார்த்தார்கள். சிவசைலம் சார் மூன்றாம் எண் பழங்களைப் பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கி வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எல்லோரும் ஒன்று ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் அண்ணாச்சி தோட்டம். அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் ஏழாம் வரிசையின் தலைமாட்டில், சைக்கிள் ட்யூப் தெரியாதபடி நின்றுகொண்டேன். அரை மணி நேரம் அசையவில்லை. எறும்பு கடித்தது. அப்போதும் அசையவில்லை.

மெகருன்னிசா மேடம் ஒரு பழத்தை வெட்டி, சாற்றைச் சுவைத்துவிட்டு, “என்ன உரம் போடுறீங்க அய்யா இதுக்கு?” என்றார்.

கேட்டுவிட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் காற்றாலையைப் பார்த்தேன். “ஒண்ணும் போடுறதில்லம்மா” என்றார் அண்ணாச்சி. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சவலைப் பிள்ளை, முட்டை, சைக்கிள் ட்யூப், கோழி எரு, மீன் தண்ணீர், எதையும் விடவில்லை. என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு ட்யூப்பையும் காட்டினார்.

காற்றாலை மட்டும் சுற்றியது. எனக்குக் காதில் முருங்கை நடும் சத்தம் கேட்டது.

சிவசைலம் சார்தான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப இந்த இடத்துக் கணக்கு செல்லாது மேடம். ஏழைத் தள்ளிர வேண்டியதுதான்.” சொல்லி முடித்த பிறகுதான், அப்படியானால் மூன்றாம் எண் இரட்டைத் தண்ணீரும் இரட்டை எருவும் வாங்கித் தின்றும் ஒரு கூடை தேறவில்லை என்பது அவருக்கு எட்டியது. முகம் கறுத்தது. அந்தக் கோபத்தில், “இங்க மட்டுமா? நிலையத்துலயும் மோசடிதான் மேடம்!” என்று என் பக்கம் கையை நீட்டினார். “இவங்க ஏழாம் வரிசைக்கு மோர் ஊத்துறாங்க. புண்ணாக்கு கரைச்சு ஊத்துறாங்க. வெயில்ல ஈரச்சாக்கு சுத்துறாங்க. ஒவ்வொரு இலையா தொடச்சு விடுறாங்க. என் ஜன்னல்ல இருந்து எல்லாம் தெரியும்!”

“அது மிஞ்சின மோர்” என்றேன்.

“ஆறு வருஷமாவா மிஞ்சுது?”

“நீங்க மட்டும் மூணுக்கு நாதஸ்வரம் வைக்கலையா?” என்று கத்திவிட்டேன். மரியாதை இல்லாமல்தான் கத்தினேன்.

ஆவுடையப்பன் ஜீப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். குழுவில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டே “நாதஸ்வரம்” என்று முணுமுணுத்தார்.

மெகருன்னிசா மேடமும் சிரித்தார். நன்றாகச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏழாம் வரிசை மரம் ஒன்றைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“அங்க மோர், புண்ணாக்கு, ஈரச்சாக்கு. இங்க ஒண்ணுமே இல்ல. அப்படித்தானே?”

அண்ணாச்சி வேகமாகத் தலையாட்டினார்.

“ஆனா காய்ப்பு ஒண்ணுதான். மூணு வருஷமா ஒண்ணுதான்.” சின்னக் கத்தியை மடக்கிப் பைக்குள் வைத்தார். “நாம வழக்கமா ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி கவனிச்சுட்டு, மண்ணும் காத்தும் மாறினா மரம் மாறுதான்னு பாப்போம். இங்க மண் மாறி, காத்து மாறி, கவனிப்பும் தலைகீழா மாறி, அப்பவும் இது மாறல. இவ்வளவு கடுமையா சோதிக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. ஏழுக்கு நீங்க ஊத்தினதும் தெரியல, அவர் ஊத்தாததும் தெரியல. இந்த முறைகேட்டையும் சேர்த்தே அறிக்கையில எழுதிருவோம். வெளியிட்ட பிறகும் இன்னொரு பருவம் சரிபாத்துக்கலாம். ஆனா ரகம் இதுதான்.”

எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணாச்சி எதற்கென்று புரியாமலே தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் என்று நினைத்து மெகருன்னிசா மேடம் தோளில் தட்டிக் கொடுத்தார். பாதி அதுதான். ஏழு பிழைத்துவிட்டது. மீதிப் பாதி, ஆறு வருஷமாக நான் செய்ததை அது கவனிக்கவேயில்லை என்பது. ஊற்றினதும் தெரியல. அப்படியா? ஒரு சொட்டுகூடவா தெரியவில்லை?

நவம்பர் 4

நிலையத்தில் மற்ற எட்டு வரிசைகளையும் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அண்ணாச்சி தன் தோட்டத்து மூன்றாம் வரிசையில் யாரையும் மண்வெட்டி வைக்க விடவில்லை. “முருங்கை வைக்கணும்னா ஒங்க இடத்துல வைங்க. இது என் இடம், என் பிள்ளை” என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சிவசைலம் சார் இன்று விடுப்பு. அண்ணாச்சி தோட்டத்துக்குத்தான் போனாராம். ஆவுடையப்பன் சொன்னார். செல்போனோடு ஒரு ஸ்பீக்கரும் எடுத்துப் போனாராம். மனிதர் மேல் முதல்முறையாக எனக்குக் கோபம் வரவில்லை.

ஜனவரி 23

விவசாயிகளுக்கான துண்டுப் பிரசுரம் அச்சுக்குப் போக வேண்டும். குழு எழுதி அனுப்பிய வாசகம் வந்தது. எல்லாம் சரி. கடைசி வரி: “எந்த நிலத்திலும் ஒரே சீராகக் காய்க்கும் இந்த ரகத்துக்குத் தனிக் கவனிப்பு தேவையில்லை.”

கையெழுத்துப் போடவில்லை. பேனாவில் மை இருந்தது. போட முடியவில்லை.

ஜனவரி 27

சிவசைலம் சார் வந்து நின்றார். “ஒரு வரிக்கு எதுக்குங்க இவ்வளவு? உண்மைதானே அது?”

“உண்மைதான் சார். ஆனா அப்படி எழுதிட்டா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க.”

“செய்ய வேண்டியதில்லையே.”

“தேவையில்லங்கிறது வேற சார். வேண்டாங்கிறது வேற. அது கேக்கல, அவ்வளவுதான். கேக்காததுக்கு வேண்டாம்னு யார் சொன்னா?” என் குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று தெரியவில்லை. பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிரசுரத்தைத் தன் பக்கம் திருப்பி, நான் அடித்து எழுதியிருந்ததை, என் கையெழுத்தில் இருந்ததை, முழுவதும் படித்தார். “சரி. குழுவுக்கு நான் பேசிக்கிறேன்” என்றார்.

இப்போது கடைசி வரி இப்படி இருக்கிறது: “கவனிக்காவிட்டாலும் காய்க்கும். அதற்காகக் கவனிக்காமல் இருந்துவிட வேண்டாம்.”

பிப்ரவரி 6

பிரசுரம் வந்துவிட்டது. அண்ணாச்சிக்கும் ஒரு கட்டு அனுப்பியிருந்தேன். சாயங்காலம் போன் வந்தது.

“மேடம், ஞானப்பூ வாசிச்சுக் காட்டினா. கடைசி வரிய ரெண்டு தடவ வாசிச்சா. பொறவு கோயம்புத்தூருக்குப் போன் போட்டு மூத்தவகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தா. என்னத்தப் பேசினாளோ, அழுகை வேற. நானும் அந்த ட்யூப்ப அவுத்து விட்டுட்டேன் மேடம். அஞ்சு வருசத்துக்குப் பொறவு இன்னைக்குத்தான் ஏழுக்குத் தண்ணி போச்சு.”

“எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“எப்படின்னா?”

“ஏதாவது தெரியுதா அதுகிட்ட?”

போனைத் துண்டிக்காமல் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சி உண்மையாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காற்றில் செருப்புச் சத்தம் போவதும் வருவதும் கேட்டது.

“ஒண்ணும் தெரியல மேடம். எப்பவும் போலத்தான் நிக்கு.”

“நாளைக்கும் விடுங்க” என்றேன்.